12 லட்சம் வரை வருமான வரி இல்லை: மூணாறு கடைவீதிக்கு அதில் என்ன கிடைக்கும்?

மூணாறில் வேலை பார்க்கும் ஒரு வங்கி அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு உட்பட்ட ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய். 2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டால் அவருக்கு வருடத்துக்கு 80,000 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையில் அடுக்குகளை மாற்றியதில் 20,000 குறைந்தது. மீதி 60,000 ரூபாயை அரசு தள்ளுபடி செய்துவிடுகிறது.

அதே ஊரில் தேயிலை பறிக்கும் பெண்ணுக்கு எவ்வளவு மிச்சம்? ஒன்றும் இல்லை. அவர் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியை எப்படித் தள்ளுபடி செய்வது?

இந்தச் சலுகையால் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் நேரடி வரி வருவாயை இழப்பதாக மத்திய அரசே சொன்னது. நடுத்தர வர்க்கத்தின் கையில் காசு புரண்டால் செலவு செய்வார்கள், கடைகளில் விற்பனை கூடும், வேலை பெருகும் என்பது அரசின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் கிடைத்த காசில் எவ்வளவு கடைக்குப் போகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்கா 2008-ல் வரித் தள்ளுபடியைக் காசோலையாகவே வீட்டுக்கு அனுப்பியது. அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதியைச் செலவு செய்வோம் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்கள் கடனை அடைப்போம், சேமிப்போம் என்றார்கள். நம் வங்கி அதிகாரியும் வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டலாம், மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். அவருக்கு நல்லதுதான். மளிகைக் கடைக்காரருக்கு அதில் பெரிய பயன் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வாளையார், குமுளி, போடிமெட்டு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளா நேர்மாறாகப் போனது. 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. பென்ஷன் கொடுக்கத்தான் இந்தப் பணம் என்றார் நிதியமைச்சர் கே.என்.பாலகோபால்.

ஒரு அரசு வரியை விட்டுக்கொடுத்தது. இன்னொரு அரசு வரி வாங்கி, முதியவர் கையில் கொடுக்கப் பார்த்தது. இரண்டிலுமே ஓட்டை உண்டு. கேரள வண்டிக்காரர் எல்லை தாண்டி டேங்க்கை நிரப்பிக்கொண்டால் கேரளாவுக்குப் போவது 2 ரூபாய் மட்டுமில்லை, அந்த லிட்டரின் மொத்த மாநில வரியும்தான். செஸ் போட்ட பிறகும் 2024-ல் கேரளாவின் நல ஓய்வூதியம் பல மாதம் பாக்கியில் நின்றதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாடு குறைத்ததோ பெட்ரோலுக்கு மட்டும். தேனி மாவட்டத்திலிருந்து தினமும் விடியற்காலையில் பெண்களை இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஓடுவது பெரும்பாலும் டீசலில். அந்தப் பெண்களுக்கு 3 ரூபாய் குறைப்பு எட்டவே இல்லை. 2023 செப்டம்பரில் வந்த மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைதான், தகுதி பெற்றவர்களுக்கு, நேராகக் கைக்கு வந்து சேர்ந்தது.

ஜிஎஸ்டி குறைந்ததே, அது?

அது பரவாயில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. இது வருமான வரி கட்டாதவருக்கும் போய்ச் சேரும், கம்பெனியும் கடையும் விலையைக் குறைத்தால். ஒரு குடும்பம் மாதம் 590 ரூபாய்க்கு இந்தச் சாமான்களை வாங்குகிறது என்று வையுங்கள். புது விலை 525. மிச்சம் 65 ரூபாய். சில்லறையாக வாங்கும் அரிசிக்கும் காய்கறிக்கும் முன்பே ஜிஎஸ்டி கிடையாது, அதில் குறைக்க ஒன்றுமில்லை.

கேரளா 2025 நவம்பரில் நல ஓய்வூதியத்தை 1,600-லிருந்து 2,000 ஆக்கியது. மாதம் 400 ரூபாய் கூடுதல். அந்த 400 எங்கே போகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மருந்து, அரிசி, பேரப்பிள்ளைக்கு ஏதாவது. மாதக் கடைசி வரை தங்காது. சித்தூர்க்காரர் பொள்ளாச்சிச் சந்தையில் செலவழித்தால் விற்பனை தமிழ்நாட்டுக்குப் போகும், அது வேறு விஷயம். எப்படியும் அந்தப் பணம் ஏதோ ஒரு கடையில் விழுகிறது.

கடைவீதியில் வியாபாரம் கூட வேண்டும் என்பதுதான் குறி என்றால், என் கணக்கில் பென்ஷனும் கூலி உயர்வும் முதலில், ஜிஎஸ்டி குறைப்பு அடுத்து, வருமான வரித் தள்ளுபடி கடைசி. மாதச் சம்பளக்காரருக்கு நிவாரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பொருளாதார மருந்து என்று விற்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வருமான வரி முழுவதும் டெல்லியின் பணம் இல்லை. 15-வது நிதி ஆணையப்படி, 2025-26 வரை பகிர்ந்துகொள்ள வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதில் கேரளாவின் பங்கு 1.925 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 1 லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தால், தோராயமாகக் கேரளாவுக்கு வராமல் போவது 789 கோடி ரூபாய். சுமார் 62 லட்சம் பேருக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க 1,240 கோடி வேண்டும். அதாவது, அந்த 789 கோடி கிட்டத்தட்ட 19 நாள் பென்ஷன்.