தருமர் ஏன் இரண்டாம் முறையும் ஆடினார்?

மகாபாரதத்தில் சூதாட்டம் ஒரே ஒரு முறை நடந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது இரண்டு முறை நடந்தது. முதல் ஆட்டத்தில் தருமர் நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மையே இழந்தார், கடைசியில் திரௌபதியையும் பணயம் வைத்துத் தோற்றார். அதன் பின் திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, பாண்டவர்களை ஊருக்கு அனுப்பி வைத்தான். அவர்கள் வீடு போய்ச் சேரும் முன்பே, மறுபடியும் ஆட வரும்படி அழைப்பு வந்தது. தருமர் திரும்பிப் போனார். ஒரே ஓர் ஆட்டம்தான். விளைவு 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு தலைமறைவு வாழ்க்கையும்.

முதல் முறை ஆடியபோது முடிவு தெரியாமல் ஆடினார் என்று சொல்லலாம். இரண்டாம் முறை? அழிவு வரும் என்று தெரிந்துதான் போகிறேன், அழைப்பை மறுக்க முடியவில்லை என்று தருமரே சொல்வதாகக் கதை கூறுகிறது. அறிவும் நேர்மையும் உடையவர், அடிபட்டு வலியை உணர்ந்தவர், ஏன் மீண்டும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தார்?

மாணவர்களே, இது பழங்கதைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. மாதக்கணக்கில் சூதாட்டத்தைத் தொடாமல் இருந்த ஒருவர், தீபாவளி இரவிலோ ஆண்டு இறுதி விடுமுறையிலோ சீனப் புத்தாண்டுக் கூட்டத்திலோ மீண்டும் அதில் விழுவதுண்டு. இதை மறுவீழ்ச்சி என்கிறோம். “திருந்தவே மாட்டார்”, “குடும்பத்தின் மேல் பாசமே இல்லை” என்று சுற்றியுள்ளவர்கள் பேசுவார்கள். அறிவியல் இதற்கு வேறு விளக்கம் தருகிறது. அந்த விளக்கம் தெரிந்தால், மறுவீழ்ச்சியைத் தடுக்கும் வழியும் தெரியும்.

கெட்ட பழக்கம் மட்டும்தானா?

சீட்டாடும் எல்லாரும் சூதாட்டத்துக்கு அடிமையாகிவிடுவதில்லை. ஆனால், சிலருக்கு நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலை வந்துவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ஆம் ஆண்டு தனது நோயறியும் கையேட்டைத் திருத்தியபோது, இந்நிலையை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாவதோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள நோய்ப் பட்டியலிலும் அது அடிமைத்தனக் கோளாறுகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

வாயால் குடிக்காத, ஊசியால் ஏற்றாத ஒன்று எப்படிப் போதையாகிறது?

டோபமின் சொல்லும் சேதி

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் டோபமினும் ஒன்று. இதை இன்பம் தரும் பொருள் என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு துளி பழச்சாறு கொடுத்து, அவற்றின் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்தார். தொடக்கத்தில் பழச்சாறு கிடைத்தபோது அந்த நரம்பணுக்கள் துடித்தன. பிறகு, ஒரு விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டது. அதன்பின் நரம்பணுக்கள் விளக்கைக் கண்டதுமே துடித்தன, பழச்சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால் அவற்றின் செயல்பாடு வழக்கத்தைவிடக் குறைந்தது. அப்படியென்றால், டோபமின் பரிசைப் பற்றி மட்டும் பேசவில்லை. “பரிசு வரப்போகிறது, தயாராகு” என்றும் அது மூளைக்குச் சொல்கிறது.

2003-இல் அவருடைய குழு இன்னொன்றையும் கண்டது. பழச்சாறு வருமா வராதா என்பது சரிபாதி நிச்சயமற்றதாக இருந்தபோது, காத்திருக்கும் நேரத்தில் டோபமின் செயல்பாடு மிக அதிகமாக இருந்தது. வருமா, வராதா என்று காத்திருப்பதுதானே சூதாட்டமே!

மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. 2005-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை மருத்துவர்கள் 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். டோபமினைப்போல் வேலை செய்யும் மருந்துகளை உட்கொண்ட பிறகு அவர்களுக்குக் கட்டுப்படுத்த முடியாத சூதாட்ட ஆசை வந்திருந்தது.

அழியாத பாடம்

இப்போது தருமர் கேள்விக்கு வருவோம். ஆட்டத்தை விட்டுப் பல மாதங்கள் ஆன பின் மூளை பழையதை மறந்துவிட வேண்டாமா?

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களை அறிவீர்கள். உணவு வருமுன் ஓர் ஒலி கேட்கும். நாளடைவில் ஒலியைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். பிறகு பாவ்லோவ் ஒலியை மட்டும் எழுப்பி, உணவு தராமல் விட்டார். எச்சில் ஊறுவது படிப்படியாக நின்றது. ஆனால், சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஒலி எழுப்பியபோது எச்சில் மறுபடியும் ஊறியது. பழைய பாடம் அழியவில்லை, அடங்கித்தான் இருந்தது.

1979-இல் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் ஆகிய இருவரும் எலிகளிடம் இதை மேலும் ஆராய்ந்தார்கள். ஒரு கூண்டில் ஓர் ஒலிக்கு அஞ்சக் கற்றுக்கொண்ட எலிக்கு, வேறொரு கூண்டில் அந்தப் பயத்தைப் போக்கினார்கள். பயம் போய்விட்டது. பழைய சூழலுக்குத் திருப்பியதும் அது மீண்டும் வந்தது. புதிய பாடம் புதிய இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய இடமோ பழைய பாடத்தை எழுப்பிவிடுகிறது.

சூதாட்டத்தை விட்டவரின் நிலையும் இதுதான். வேலை, வீடு, கோயில் என்று நாள்கள் அமைதியாகப் போகும்போது புதிய பாடம் உறுதியாக இருக்கிறது. தருமருக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. அதே மண்டபம், அதே காய்கள், எதிரே அதே சகுனி!

பெருநாளில் என்ன மாறுகிறது?

ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் கடைகளில் தீபாவளிக் கூட்டம் நெரியும் நாள்களை எண்ணிப் பாருங்கள். போனஸ் கையில் இருக்கிறது. வேலைக்கு விடுமுறை. நெடுநாள் காணாத பழைய நண்பர்கள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறார்கள். சிலர் மது அருந்துகிறார்கள், தூக்கமும் குறைகிறது. இவை இரண்டும் “வேண்டாம்” என்று தடுக்கும் முன்மூளையின் பிடியைத் தளர்த்துபவை. சாப்பாடு முடிந்ததும் யாரோ சீட்டுக்கட்டைக் கலைக்கிறார். அந்தச் சரசரப்பு ஒலிதான் ஷுல்ட்ஸின் விளக்கு. “சும்மா ஒரு ரவுண்டுதான் மச்சான், பெருநாள்தானே!” என்ற குரலும் கேட்கிறது. ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாக வரக்கூடிய தூண்டுதல்கள் எல்லாம் ஒரே இரவில் ஒன்றுசேர்கின்றன.

நம் ஊருக்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2010 முதல் இரண்டு சூதாட்டக்கூடங்கள் இயங்குகின்றன. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அவற்றில் நுழைய 2019 முதல் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். இங்கிருந்து வேலைக்குப் போகும் மலேசியர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதாவது, வாசலில் நின்று ஒரு கணம் யோசிக்க வைக்கும் தடை அவர்களுக்குக் கிடையாது.

“ஒரு நம்பரில் போச்சே!”

மீண்டும் இழுக்கும் இன்னொரு கயிறு, நூலிழையில் தவறிய தோல்வி. 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லூக் கிளார்க் குழுவினர், சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டை ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வெற்றியை ஒட்டி வந்து தவறிய தோல்விகள், வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே இயக்கின. தோற்றது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், மேலும் ஆடும் ஆசை கூடியது!

நாலு நம்பரில் 4738 விழுந்து, கையில் 4739 இருந்தால் “ஒரு நம்பரில் போச்சே” என்று வருந்துவார்கள். குலுக்கல் கருவிக்கு அருகில், தூரம் என்று எதுவும் இல்லை. 4739-க்கும் 0012-க்கும் இருந்த வாய்ப்பு ஒன்றேதான். கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய காரின் எண் எல்லாவற்றுக்கும் அதே வாய்ப்புதான்.

நிகழ்தகவுப் பாடத்தை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரு ரிங்கிட் பெரிய பந்தயத்துக்கு முதல் பரிசு 2,500 ரிங்கிட், இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசுகள் பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசுகள் பத்துக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 ரிங்கிட். அதை 10,000-ஆல் வகுத்தால் 64 சென். கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் சராசரியாகத் திரும்புவது 64 சென்தான்.

வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. ஒரே எண்ணை விடாமல் வாங்கினால் 10,000 குலுக்கல் முடிய ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் முதல் பரிசு ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு! “விட்டதைப் பிடிக்கிறேன்” என்று போகிறவர் எதிர்த்து நிற்பது இந்தக் கணக்கைத்தான்.

மறுவீழ்ச்சியைத் தடுக்கும் வழிகள்

கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. தருமருக்கும் முடிவு தெரிந்தே இருந்தது. பழைய பாடத்தை எழுப்பும் தூண்டுதல்களைக் குறைப்பதும், வருகின்ற தூண்டுதலுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருப்பதும்தான் பயன் தரும்.

முதலாவது, வீட்டில் சீட்டுக்கட்டு வேண்டாம். வரும் உறவினர்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். கேரம், தாயம், பல்லாங்குழி என்று காசு வைக்காத ஆட்டங்களை எடுத்து வையுங்கள். “மாமா, வாங்க, எங்களுக்கு ஒரு ஆள் குறையுது” என்று நீங்கள் கூப்பிடுவது சிறிய செயல்போல் தெரியலாம். எழுந்து வர அவருக்கு அது ஒரு காரணமாகும்.

இரண்டாவது, பதிலைப் பெருநாளுக்கு முன்பே முடிவு செய்வது. “யாராவது ஆடக் கூப்பிட்டால், நான் விட்டுவிட்டேன் என்று சொல்லி எழுந்துவிடுவேன்” என்று விட்டவர் முன்னதாகவே மனத்தில் உறுதி செய்துகொண்டால், அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

மூன்றாவது, பணம். போனஸ் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், கையில் எவ்வளவு வைத்திருப்பது என்பதைப் பெற்றோர் பேசி முடிவு செய்யலாம்.

நான்காவது, ஆசை வந்தால் அலையைப் போல் எண்ணுவது. அலை எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அது இறங்கும்வரை வெளியே நடப்பது, நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைப்பது என்று நேரத்தைக் கடத்த வேண்டும். மறுவீழ்ச்சித் தடுப்பில் முன்னோடியான அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் கற்பித்த முறை இது.

ஐந்தாவது, வாசலை மூடிவிடுவது. சிங்கப்பூர்ச் சூதாட்டக்கூடங்களில் தம்மை அனுமதிக்க வேண்டாம் என்று ஒருவர் தாமே விண்ணப்பித்துத் தடை பெறலாம். வெளிநாட்டவருக்கும் இந்த வசதி உண்டு. மனம் தெளிவாக இருக்கும் நாளில் செய்யும் ஏற்பாடு, மனம் தடுமாறும் நாளில் காக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஒருநாள் ஆடிவிட்டால்? மார்லட் சறுக்கலையும் வீழ்ச்சியையும் பிரித்துக் காட்டினார். ஒருமுறை ஆடியது சறுக்கல். “எல்லாம் போச்சு, இனி என்ன” என்ற குற்ற உணர்வில் தொடர்ந்து ஆடுவதே வீழ்ச்சி. அந்த நேரத்தில் திட்டினால் அவர் ஒளிந்து ஆடத் தொடங்கலாம். எது தூண்டியது என்று அமைதியாகக் கேட்டால், அடுத்த முறைக்கான தடுப்பு கிடைக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்

அவருடைய நோய்க்கு நீங்கள் காரணம் அல்ல. அவரைக் காவல் காப்பதும் உங்கள் வேலை அல்ல. உண்டியல் காசையும் தீபாவளி அன்பளிப்புப் பணத்தையும் அவருக்குக் கடனாகக் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லாதே என்றால் அந்த இரகசியத்தைச் சுமக்காதீர்கள். ஆலோங் ஆள்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் பேச வேண்டாம், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்கட்டும்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே எண் 15999, இது 24 மணி நேரமும் இயங்கும். பெரியவர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். ஜொகூர் பாருவில் தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை மனநலத்துக்கான அரசு மருத்துவமனை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு முறைச் சிகிச்சையால் இந்நோயிலிருந்து பலர் மீண்டிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் முன்பே, அந்த இரவுக்கு என்ன ஆட்டம், யார் யார் ஆட்டக்காரர்கள் என்று வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்.