டிரெய்லர் விளக்குகளும் எர்த் பழுதும்

லாரிக்கும் அதன் பின்னால் பூட்டப்படும் டிரெய்லருக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்துவது ஏழு முனைகள் கொண்ட ஒரு பிளக்கும் அது செருகப்படும் சாக்கெட்டும் ஆகும். 24 வோல்ட் வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 1185 தரத்தின்படி இவற்றுள் முதல் முனை ‘எர்த்’, அதாவது விளக்குகளுக்குச் சென்ற மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் பொது வழி.

மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பைப் படியச் செய்வதால், முதலில் ஐயுற வேண்டியது இந்த எர்த்தையே. அது துண்டிக்கப்படும்போது மின்னோட்டம் பிற பல்புகளின் இழைகள் வழியாகத் திரும்ப முயல்வதால், பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும் விந்தை நிகழ்கிறது. இதைப் பல்புகளின் பழுதெனக் கருதி அவற்றை மாற்றுவது வீண் செலவே.

லாரியின் சட்டத்தையும் டிரெய்லரின் சட்டத்தையும் தனிக் கம்பியால் தற்காலிகமாக இணைத்தவுடன் விளக்குகள் சீராக எரிந்தால், குறை எர்த்தில்தான் என்பது உறுதியாகும். அவ்வாறு சீராகாவிடில், லாரிப் பக்கச் சாக்கெட்டின் முனைகளை டெஸ்ட் லாம்பால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அங்கு மின்சாரம் இருந்தால் பழுது பிளக்கிலோ கேபிளிலோ டிரெய்லரிலோ உள்ளது.

பல்புதான் பழுது என்பது உறுதியானபின், அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் பல்பு வாங்குவோர், வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.