வீட்டு நாயும் வைத்தியச் செலவும்

முதன்முறையாக நாய் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டியவை

வளவையும் தோட்டத்தையும் கோழிக்கூட்டையும் காப்பதற்கு நாயைப் போன்ற துணை வேறில்லை. இலங்கையின் கிராமங்களில் நாய் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. குட்டிகளும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. அயல்வீட்டு நாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றைப் பிள்ளைகள் விரும்பித் தூக்கி வந்துவிடுவர். விலை கொடாது பெற்ற பிராணிக்குப் பின்னரும் செலவு இராது என்னும் எண்ணம் இவ்வாறே எழுகின்றது.

முதன்முறை மிருக வைத்தியரிடம் செல்லும் நாளில் அவ்வெண்ணம் பொய்யாகின்றது. கட்டணச் சிட்டையைக் கண்டு திகைத்தவர்களுட் சிலர் மறுமுறை அப்பக்கம் செல்வதில்லை. இதனால் தடுப்பூசி தவறுகின்றது. நோய் முற்றிய பின்னரே நாய் வைத்தியசாலையை அடைகின்றது. சில குட்டிகள் சந்தையருகிலும் கோயிலடியிலும் கைவிடப்படுகின்றன. கட்டணம் எதற்காக அறவிடப்படுகின்றது, எச்செலவைத் தவிர்க்கலாம், எதைத் தவிர்த்தலாகாது என்பனவற்றை முன்கூட்டியே அறிந்தவருக்கு இத்துன்பங்கள் நேரா.

கட்டணம் மிகுதியாகத் தோன்றுவதேன்?

இந்நாட்டில் மனிதருக்கு அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகின்றது. ஆதலால் ஒரு சத்திரசிகிச்சைக்கோ, ஓர் இரத்தப் பரிசோதனைக்கோ உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதைப் பலர் அறியார். அச்செலவை அரசாங்கம் ஏற்கின்றது. நாயின் விடயத்திற் பெரும்பகுதியை வளர்ப்பவரே ஏற்க வேண்டியிருக்கின்றது. மிருக வைத்தியம் விலை மிக்கதன்று. மறைந்திருந்த விலை அங்கே வெளிப்படுகின்றது என்பதே உண்மை.

இரண்டாவது காரணம், நாய்களுக்குரிய தடுப்பூசிகளும் பல மருந்துகளும் பிறநாடுகளிலிருந்து தருவிக்கப்படுவதாகும். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தபோது இவற்றின் விலையும் ஏறியது. அவ்வாண்டிற்கு முன் நாய் வளர்த்தவர் கூறும் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது.

சிட்டையிற் காணப்படும் இனங்கள்

சிட்டையின் மொத்தத் தொகையை மாத்திரம் பார்ப்பது போதாது. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

(அ) பார்வைக் கட்டணம்: வைத்தியர் நாயைச் சோதித்து நோயை நிதானிப்பதற்கு உரியது. மருந்து ஒன்றும் கொடாதவிடத்தும் இக்கட்டணம் உண்டு. பேச இயலாத பிராணியின் நோயை அறிவதற்குக் காய்ச்சல் பார்த்தல், முரசின் நிறத்தை நோக்கல், வயிற்றைத் தடவிப் பார்த்தல் முதலியன செய்யப்படுகின்றன. வேண்டாத மருந்துகளைத் தவிர்க்க உதவுவதும் இப்பரிசோதனையே.

(ஆ) மருந்து: பெரும்பாலான மருந்துகள் நாயின் நிறைக்கேற்பக் கொடுக்கப்படுகின்றன. 10 கிலோகிராம் நிறைக்கு ஒரு வில்லை என வகுக்கப்பட்ட புழுமருந்தை 30 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு மூன்று வில்லைகளாகக் கொடுத்தல் வேண்டும். மயக்க மருந்தும் அவ்வாறே. ஆகவே பெருஞ்சாதி நாயை விரும்புவோர் உணவை மாத்திரமன்றி மருந்தையும் கணக்கிற் சேர்த்துக் கொள்ளல் நன்று. தடுப்பூசி இதற்கு விலக்காகும். சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் அதன் அளவு ஒன்றே.

(இ) பரிசோதனைகள்: இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எக்ஸ்கதிர்ப் படம் முதலியன. ஒவ்வொரு பரிசோதனையும் எதை அறிவதற்காக என்று வைத்தியரிடம் வினவுதல் தவறன்று.

(ஈ) சத்திரசிகிச்சை: இதில் மயக்க மருந்து, நூல், கிருமிநீக்கிய உபகரணங்கள், உதவியாளர் கூலி, பின்னர் கொடுக்கும் மருந்து ஆகியவை அடங்கும். இவை யாவும் கூறப்பட்ட தொகையில் அடங்கியுள்ளனவா, தையல் வெட்டுவதற்கு வேறு கட்டணம் உண்டா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

(உ) தங்கவைத்தல், இரவு நேரச் சேவை, வீட்டுக்கு வருதல்: இவை வழமையான கட்டணத்திற்கு மேலதிகமானவை. பகலில் நோய்க்குறி கண்டவுடன் செல்பவர் இரவுக் கட்டணத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

முதலாண்டுச் செலவுகள்

நாயின் வாழ்நாளில் முதலாண்டிலேயே தடுப்பு முறைகளுக்கான செலவு மிகுதி. அவை எப்போது வரும் என்பது முன்னரே தெரிந்ததாகையால் அவற்றுக்கு ஆயத்தமாயிருத்தல் கூடும்.

புழுமருந்து: குட்டி பிறந்து இரண்டு கிழமையில் முதன்முறை கொடுத்து, மூன்று மாதம் வரையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரையும் மாதத்திற்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். வட்டப்புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டியைச் சேர்கின்றன. ஆதலின் சுத்தமான வீட்டிற் பிறந்த குட்டிக்கும் இம்மருந்து வேண்டும். நாயின் புழுக்கள் மண்ணில் விளையாடும் சிறுவரையும் பற்றக்கூடும் என்பதை மறத்தலாகாது.

தொற்றுநோய்த் தடுப்பூசி: பார்வோ வைரசு நோய், டிசுடெம்பர், ஈரல் அழற்சி, எலிக்காய்ச்சல் முதலியவற்றைத் தடுக்கும் கூட்டு ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கப்படுகின்றது. பின்னர் மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறையாகப் பதினாறு கிழமை வயது வரையும் போடப்படும். ஒரே ஊசியைப் பலமுறை போடுவது பணம் பெறுவதற்கென்று சிலர் ஐயுறுவர். அது தவறான ஐயமாகும். தாய்ப்பாலின் வழியே குட்டி பெற்ற எதிர்ப்புச் சத்து சிலகாலம் தடுப்பூசியின் பயனைக் கெடுக்கின்றது. அச்சத்து எக்கிழமையில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். எனவே இடைவெளிவிட்டுத் திரும்பப் போடுவதன்றி வேறு வழியில்லை. முதல் ஊசியுடன் நிறுத்தியவர் அவ்வூசிக்குக் கொடுத்த பணத்தையும் இழந்தவராவார்.

விசர்நோய்த் தடுப்பூசி: வழமையாக மூன்று மாத வயதிற் போடப்படும். நோய் பரவியுள்ள இடங்களில் வைத்தியர் அதற்கு முன்னரும் போட்டுப் பின்னர் திரும்பப் போடுவர். இலங்கையில் இவ்வூசியை ஆண்டுதோறும் போடும் வழக்கம் உண்டு.

இலவசமாகக் கிடைப்பவை

விசர்நோய்த் தடுப்பூசி சுகாதாரப் பகுதியினரால் நாய்களுக்கு இலவசமாகப் போடப்படுகின்றது. ஊர்தோறும் நடைபெறும் தடுப்பூசி முகாம்களின் நாளையும் இடத்தையும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம். ஊசி போட்டதற்கான அட்டையைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் வேண்டும். நாய் எவரையேனும் கடிக்குமாயின் அவ்வட்டையை வைத்தியசாலையிற் காட்டுதல் அவசியமாகும்.

விசர்நோய்க் குறிகள் தோன்றியபின் மனிதரையோ நாயையோ காப்பாற்றும் மருந்து இல்லையென்றே கொள்ளல் வேண்டும். கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கடித்த நாயைக் கொன்றுவிடாது பத்து நாட்களுக்குக் கட்டிவைத்துக் கவனித்தல் வேண்டும்.

மாகாணங்களின் விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களங்களின் கீழ் இயங்கும் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் முக்கியமாக மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கென அமைந்தவையாயினும் நாய்களுக்கும் அங்கே ஆலோசனை பெறலாம். எல்லா மருந்துகளும் அங்கே இருப்பதில்லையாகையால், எழுதித் தரும் மருந்தை வெளியில் வாங்க நேரிடலாம். அரிய நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த போதனா வைத்தியசாலைக்கு நாய்கள் அனுப்பப்படுவதுண்டு.

கருத்தடைச் சத்திரசிகிச்சை

பெண்குட்டியை வளர்க்க அஞ்சுவோர் பலர். கைவிடப்படும் குட்டிகளுட் பெண்குட்டிகள் மிகுதியாயிருத்தற்குக் காரணம் இதுவே. ஒரு முறை செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சை இவ்வச்சத்தை நீக்கும். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்களாகும்; ஆண்டிற்கு இருமுறை ஈனவும் கூடும். ஒவ்வோர் ஈற்றிலும் தாய்க்குரிய போசணை, குட்டிகளுக்குரிய புழுமருந்து, ஊசி ஆகியவற்றைக் கூட்டிப் பார்ப்பவருக்குச் சத்திரசிகிச்சையின் செலவு பெரிதாகத் தோன்றாது.

வேறொரு நன்மையும் உண்டு. கருத்தடை செய்யாத பெண்நாய்களுக்கு வயது சென்றபின் கருப்பையிற் சீழ் பிடிக்கும் நோய் வருவதுண்டு. அதற்கும் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையே மருந்தாகும். ஆயினும் நலிந்த உடலில், அவசர வேளையில், பன்மடங்கு செலவிலும் ஆபத்திலும் அதனைச் செய்ய நேரிடும். சில இடங்களில் உள்ளூராட்சி மன்றங்களும் தொண்டு நிறுவனங்களும் கருத்தடை முகாம்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திற்கோ நடத்துகின்றன. அவற்றை விசாரித்தறிதல் நன்று.

தாமதத்தின் விலை

தடுப்பூசி போடாத குட்டியொன்று காலையில் உணவை மறுத்து வாந்தியெடுக்கின்றது எனக் கொள்வோம். மறுநாள் இரத்தங் கலந்த வயிற்றோட்டம் உண்டாகின்றது. வீட்டார் பணத்தை எண்ணி மேலும் ஒருநாள் பார்த்திருக்கின்றனர். மூன்றாம் நாளில் வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போது குட்டியின் உடலில் நீர் வற்றி, எழுந்து நிற்கவும் இயலாதிருக்கின்றது. பார்வோ வைரசு நோயின் போக்கு பெரும்பாலும் இத்தகையதே. இவ்வைரசைக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. சேலைன் ஏற்றி, வாந்தியைத் தடுத்து, குட்டியின் உடல் நோயை வெல்லும் வரையும் பல நாட்கள் தாங்கி நிற்பதே சிகிச்சையாகும். முதல் நாளிற் சென்றிருப்பின் செலவும் குறைந்திருக்கும். பிழைப்பதற்கு இடமும் மிகுந்திருக்கும். தடுப்பூசி போட்டிருப்பின் இந்நிலை பெரும்பாலும் வந்திராது. இவ்வைரசு மண்ணிற் பல மாதங்கள் தங்குமாதலால், இறந்த குட்டியின் இடத்தில் உடனே வேறொரு குட்டியை ஊசி போடாது வைத்தலுங் கூடாது.

உண்ணிகளினால் வரும் காய்ச்சலும் இவ்வாறானதே. உண்ணிகளை வாரந்தோறும் தேடி நீக்கி, வைத்தியர் கூறும் உண்ணி மருந்தைத் தவறாது பயன்படுத்துவதற்கு ஆகும் செலவு சிறிது. முரசு வெளிறி, சிறுநீர் கறுத்து, நாய் எழமாட்டாத நிலையில் இரத்தப் பரிசோதனைக்கும் பல கிழமைச் சிகிச்சைக்கும் ஆகும் செலவு பெரிது.

சிக்கனமென்று செய்யத்தகாதவை

மனிதருக்குரிய வில்லைகளை நாய்க்குக் கொடுத்தல் பெருந்தவறு. பரசிற்றமோல், ஐபுபுரோபென் ஆகியவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுத்து உயிருக்கே ஆபத்து விளைக்கக்கூடும். அயல்வீட்டு நாய்க்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தைக் கொடுத்தலும், குறித்த நாட்களுக்கு முன் மருந்தை நிறுத்தலும் கூடா. கழிவு எண்ணெயைச் சொறிக்குப் பூசும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாய் அதனை நக்கி நஞ்சேறுவதன்றி நோய் நீங்குவதில்லை. பதிவு பெறாதவர் மலிவாகப் போடும் ஊசி குளிரிற் பேணப்படாததாயின் அதனாற் பயனில்லை. ஆதலால் இலங்கை மிருக வைத்தியர் சபையிற் பதிவு பெற்றவரையே நாடுதல் வேண்டும்.

வைத்தியரிடம் வினவ வேண்டியவை

சிகிச்சை தொடங்குமுன் கீழ்வருவனவற்றைக் கேட்டறிதல் வளர்ப்பவரின் உரிமையாகும்.

1. முழுச் சிகிச்சைக்கும் ஏறக்குறைய எவ்வளவு செலவாகும்?
2. இவற்றுள் இன்றே செய்ய வேண்டியது எது? பொறுத்துச் செய்யக்கூடியது எது?
3. இதே பயனைத் தரும் விலை குறைந்த மருந்து உண்டா?
4. மறுமுறை வரும்போது பார்வைக் கட்டணம் உண்டா?
5. நாய் பிழைப்பதற்கு எவ்வளவு இடமுண்டு?

கையிலுள்ள தொகை இவ்வளவே என்று கூறுவதற்கு நாணுதல் வேண்டா. தொகையை அறிந்த வைத்தியர் அதற்கேற்ற வழியை வகுப்பார். அறியாதவர் மிகச் சிறந்த வழியையே கூறுவார். அதனைக் கேட்ட வளர்ப்பவர் ஒன்றுஞ் செய்யாது திரும்புவார். இழப்பு நாய்க்கே உரியதாகும். பிழைக்க வழியில்லாது துன்புறும் நாய்க்கு வலியின்றி உயிரை நீக்கும் ஊசிக்குச் செலவிடுதலும் வளர்ப்பவரின் கடமைகளுள் ஒன்று. அதனைத் தெருவில் விடுதல் கொடுமையாகும்.

பணத்தைச் சேர்த்து வைத்தல்

ஓராண்டிற்கு வேண்டிய ஊசி, புழுமருந்து, உண்ணி மருந்து ஆகியவற்றின் விலையை அண்மையிலுள்ள வைத்தியரிடம் கேட்டுக் கூட்டி, அதனைப் பன்னிரண்டாற் பிரித்து, அத்தொகையை மாதந்தோறும் உண்டியலில் இட்டு வருதல் எளிய முறையாகும். எதிர்பாராத நோய்க்கும் விபத்துக்குமாக அதே அளவு தொகையை மேலும் சேர்த்து வைத்தல் நன்று. குட்டியை வீட்டிற்குக் கொண்டுவருமுன் இக்கணக்கைப் பார்ப்பவரே அறிவுடையவராவார். கணக்கு இயலாதெனக் காட்டுமாயின் குட்டியை ஏற்காதிருத்தல் பிழையன்று. ஏற்றபின் கைவிடுதலே பிழை.

சுருக்கம்

- சிட்டையை இனம் இனமாக நோக்குக.
- முதலாண்டுத் தடுப்பூசிகளை இடையில் நிறுத்தாதீர்.
- விசர்நோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்படும், அட்டையைப் பேணுக.
- கருத்தடைச் சத்திரசிகிச்சையை உரிய வயதிற் செய்விக்க.
- உணவை மறுக்கும் குட்டியை அன்றே வைத்தியரிடம் காட்டுக.
- மனிதருக்குரிய மருந்தை நாய்க்குக் கொடாதீர்.

மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறிந்து கொள்ளலாம்.