கொட்டகை பெரிது, அண்டை வீட்டார் உரிமை சிறிதா?

தம் சொந்த நிலத்தில், தம் சொந்தப் பணத்தில் ஒருவர் கார் கொட்டகை கட்டுகிறார். அதைத் தடுக்க மற்றவருக்கு என்ன உரிமை? கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால், அமெரிக்காவின் ஊர்களில் இத்தகைய கேள்விக்கு விடை காண்பதற்கென்றே மேல்முறையீட்டு வாரியம் ஒன்று கூடுகிறது. அதன் முன்னே வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டாரும் தத்தம் நியாயத்தை எடுத்துரைக்கின்றனர்.

இரண்டு கார்கள் நிறுத்த ஏறத்தாழ 400 முதல் 600 சதுர அடி போதும். படகு, இழுவை வண்டி, தச்சுப் பட்டறை என்று ஆசை விரியும்போது கொட்டகையும் விரிகிறது. அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது.

சட்டம் பிறந்த கதை

1915-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் அக்கம்பக்கத் தெருக்களை நிழலில் ஆழ்த்தியது. மக்களின் கண்டனம் வலுத்தது. 1916-இல் அந்நகரம் மண்டல விதிகளை வகுத்தது. எப்பகுதியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி என்பவற்றை அவை வரையறுத்தன.

ஒஹையோ மாநிலத்தின் யூக்லிட் என்னும் ஊர் வகுத்த விதிகளை எதிர்த்து ஒரு நில நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் இவ்விதிகள் நாடெங்கும் வேரூன்றின.

விலக்கும் உண்டு

எல்லா மனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சரிவாகவும் மற்றொன்று கோணலாகவும் இருக்கலாம். எனவே விதியிலிருந்து விலக்குக் கோரும் வழியையும் சட்டம் திறந்து வைத்துள்ளது. நியூயார்க் மாநிலத்தின் ஊர்களில் இத்தகைய அளவு விலக்குக்கு ஐந்து கேள்விகள் ஆராயப்படுகின்றன. சுற்றுப்புறத்தின் இயல்பு கெடுமா? வேறு வழியில் தேவை நிறைவேறாதா? கோரும் விலக்கு மிகப் பெரிதா? சுற்றுச்சூழலுக்குத் தீங்கு நேருமா? இந்த இடர் விண்ணப்பித்தவர் தாமே தேடிக்கொண்டதா?

ஓர் ஊரில் கொட்டகையின் உச்ச அளவு 750 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அனுமதி பெறாமலே 1,200 சதுர அடியில் கட்டத் தொடங்குகிறார். விதியை விட 60 விழுக்காடு கூடுதல்! பக்கத்து வீட்டு அம்மையார் வாரியத்தின் முன் வருகிறார். தம் சமையலறைக்குக் காலை வெயில் வருவதில்லை என்றும், கூரைநீர் தம் தோட்டத்தில் பாய்கிறது என்றும் முறையிடுகிறார்.

"இவ்வளவு செலவழித்துவிட்டேனே!" என்று வீட்டுக்காரர் கலங்கலாம். ஆனால், அனுமதியின்றிக் கட்டியது யார் என்ற கேள்வி அங்கே எழும். அதற்காக வாயில் முற்றிலும் அடைபடுவதும் இல்லை. அந்த ஒரு காரணத்தாலேயே விலக்கை மறுத்தாக வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கூறவில்லை. வீட்டுக்காரர் பெறும் நன்மையையும் அண்டை அயலார் படும் தீமையையும் வாரியம் ஒரே தராசில் நிறுத்துகிறது. விலக்கு அளித்தாலும் தேவைக்குரிய மிகக் குறைந்த அளவே அளிக்க வேண்டும். நிபந்தனைகளும் விதிக்கலாம். அளவைக் குறைக்கலாம், மழைநீருக்கு வடிகால் அமைக்கச் சொல்லலாம். விசாரணை முடிந்து 62 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். முடிவில் குறை காண்போர் அது பதிவான 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம்.

முன்னரே கேட்டிருந்தால்?

அடித்தளம் தோண்டுமுன் வீட்டுக்காரர் வரைபடத்துடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொட்டகையைச் சற்றே தள்ளியோ சற்றே குறைத்தோ கட்டியிருக்கலாம். வழக்கும் இல்லை, வீண் செலவும் இல்லை, மனக்கசப்பும் இல்லை.

வாரியத்தின் தீர்ப்பு ஒரே நாளில் எழுதப்பட்டுவிடும். அதன்பின்னும் அவ்விரு குடும்பங்களும் ஒரே வேலியின் இருபுறமும் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டுமே! நிலம் நம்முடையதாக இருக்கலாம். அதன்மீது விழும் வெளிச்சமும் வீசும் காற்றும் அண்டை வீட்டாருக்கும் உரியவை. கட்டுமுன் கேட்பது கௌரவக் குறைவன்று. அதுவே நல்ல குடித்தனத்தின் முதல் செங்கல்.