காம்சாப்டை மாற்றின் இன்ஜெக்டரையும் மாற்றல் வேண்டுமா?

மோட்டார் எஞ்சினின் வலுவைப் பெருக்க விழைவோர், வால்வுகளைத் திறந்து மூடும் காம்சாப்டை மாற்றுதல் வழக்கம். வால்வுகள் மிக உயர்ந்து நெடுநேரம் திறப்பின், உயர்வேகத்திற் காற்று மிகுதியாக உட்புகும். காற்று மிகின் பெற்றோலும் மிகல் வேண்டும். அன்றேல், பெற்றோல் குன்றிய கலவை நெறிதவறி வெடித்து, பிஸ்டன் உருகி, எஞ்சினே பாழாதல் கூடும். ஆதலின் இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு விடை தருவது ஊகமன்று, கணக்கே. முழுவிசையில் ஒரு பரிவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை இறாத்தல் பெற்றோல் செலவாகும். இன்ஜெக்டரை அதன் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் உழைப்பித்தல் நன்றன்று.

1987ஆம் ஆண்டின் 5 லீற்றர் ஃபோர்ட் மஸ்டாங்கை நோக்குவோம். அதற்குச் சிலிண்டர்கள் எட்டு, வலு 225, இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் மணிக்கு 19 இறாத்தல் பாய்ச்சுவது. காம்சாப்டினால் வலு 240 ஆயின், வேண்டும் பெற்றோல் 120 இறாத்தல். அதனை எட்டாற் பங்கிட 15. 80 பங்கு எல்லையையும் சேர்த்து நோக்கின் 18.75. பழைய இன்ஜெக்டரே போதும். பிற மாற்றங்களும் கூடி வலு 300ஐ எட்டின், 23.4 வேண்டும், அப்பொழுது 24 இறாத்தல் இன்ஜெக்டர் இன்றியமையாதது.

பெரிதே சிறந்ததெனக் கொள்ளலுமாகாது. கணினியைப் புதிய அளவிற்கேற்பத் திருத்தாவிடின் பெற்றோல் மிகுந்து பிளக்குகள் கரிபிடிக்கும்; சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயும் கழுவுண்ணும். எதனை மாற்றினும் கலவையை அளந்தறிந்த பின்னரே முழுவிசையில் ஓட்டுதல் தகும். வகுப்பறையில் நாம் பயின்ற எளிய வகுத்தலே ஓர் எஞ்சினைக் காக்கவல்லது.