ஏரிச் சமநிலையும் உயிரினப் பன்மையும்: பெங்களூரு தரும் பாடம்

பெங்களூரு மாநகரின் நடுவே, பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தை ஒட்டி அமைந்துள்ளது ஆஸ்டின் டவுன். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி இது. இங்குப் பெய்யும் மழைநீரும், சுத்திகரிப்பு நிலையங்களைச் சென்றடையாத கழிவுநீரும் கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே தென்கிழக்காக ஓடிப் பெல்லந்தூர் ஏரியில் சேருகின்றன. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர் தென்பெண்ணை ஆற்றுக்கும் செல்கின்றன. ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி நீர்த்தேக்கம், கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து, கடலூருக்கு அருகில் தென்பெண்ணை வங்கக் கடலில் கலக்கிறது. ஆகவே, ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டு வாளியில் கரைக்கப்படும் சலவைத் தூளுக்கும், ஓசூர் உழவரின் வாய்க்காலுக்கும் தொடர்பு உண்டு. இயற்கையின் சமநிலை குலையும்போது அதன் விளைவு மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்நீர்வழி ஒரு தெளிவான சான்றாகும்.

சமநிலை என்பது யாது?

ஓர் ஏரி என்பது வெறும் நீர்த் தொட்டி அன்று. கரையோரச் சேற்றில் வளரும் சம்பும் கோரையும் நீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. நுண்பாசிகளை நுண்விலங்குகள் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை நீர்க்காகமும் கொக்கும் உண்கின்றன. தட்டான் பூச்சியின் இளம்பருவம் கொசுப்புழுக்களை அழிக்கிறது. நத்தைகள் பெருகாதவாறு நத்தைகுத்தி நாரை பார்த்துக்கொள்கிறது. இவ்வாறு ஒவ்வோர் உயிரினமும் ஒரு பணியை ஆற்றுகிறது. ஒரே பணியை ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் செய்வதால், ஓர் இனம் நலிவுற்றாலும் மற்றொன்று அவ்விடத்தை நிரப்புகிறது. உயிரினப் பன்மை இன்றியமையாதது எனக் கூறப்படுவதன் காரணம் இதுவே. பன்மை குறையுமானால், இயற்கை ஊதியமின்றிச் செய்துவந்த வேலையை மனிதன் பொருள் செலவிட்டுச் செய்ய நேரிடும்.

ஏரிச் சங்கிலி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. அதனால் 16ஆம் நூற்றாண்டில் கெம்பே கவுடரும், அவருக்குப் பின் வந்தோரும் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரைகளை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலங்கல் வழியே கீழ் ஏரியை அடையும். இடைப்பட்ட கால்வாய்களைக் கன்னடத்தில் ராஜகாலுவே என்பர். ஒவ்வோர் ஏரியிலும் வண்டல் படிந்து, நீர் தெளிந்து, அடுத்த ஏரிக்குச் சென்றது. வண்டலை உழவர் வயலுக்கு எருவாக எடுத்துச் சென்றனர். கிணறுகளில் நீர் ஊறியது. இச்சங்கிலியில் சிறிய ஏரிகளே முதற்கட்ட வடிகட்டிகளாக விளங்கின.

சங்கிலி அறுந்த விதம்

நகரம் வளர்ந்தபோது நிலத்தின் விலை ஏறியது. ஏரியின் மதிப்போ கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆஸ்டின் டவுனுக்கு அண்மையிலிருந்த சூளே ஏரி கால்பந்து மைதானமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கோரமங்களா ஏரிப் படுகையில் தேசிய விளையாட்டுக் கிராமக் குடியிருப்பு எழுந்தது. சல்லகட்டா ஏரி கோல்ப் மைதானமாயிற்று. இவை ஒவ்வொன்றும் ஒரு பொதுத் தேவையைக் கருதியே செய்யப்பட்டன எனலாம். ஆனால் ஒட்டுமொத்த விளைவு, பெல்லந்தூருக்கு மேலிருந்த வடிகட்டிகள் பல மறைந்தமையே.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. 1970களில் காவிரி நீர் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவரப்பட்டது. மக்களின் தாகம் தணிந்தது. ஆனால் ஏரிகளை நம்பி வாழ வேண்டிய நிலை மறைந்ததால் அவற்றைப் பேணும் அக்கறையும் குறைந்தது. மேலும், வீடுகளுக்குள் வரும் நீரின் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறியே தீரும். முன்பு மழைக்காலத்தில் மட்டும் நிரம்பிக் கோடையில் வற்றிய ஏரிகள், ஆண்டு முழுவதும் கழிவுநீரைத் தாங்கும் கலங்களாயின.

நுரையும் நெருப்பும்

பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர் பரப்புடையது. நகரின் ஏரிகளுள் பெரியது. கழிவுநீரோடு வந்த மணிச்சத்தும் தழைச்சத்தும் பெருகவே, தென் அமெரிக்காவிலிருந்து இந்நாட்டுக்கு வந்த ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிப் படர்ந்தது. ஒளி புகாமல் நீரடிச் செடிகள் மடிந்தன. அழுகும் பொருள்கள் பிராணவாயுவை உட்கொண்டதால் மீன்கள் மாண்டன. காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல சில மீன்கள் மட்டுமே இத்தகைய நீரில் தாக்குப்பிடிக்கும். மீன் குறைந்த இடத்தில் கொசு பெருகியது.

சலவைப் பொருள்களில் உள்ள நுரைக்கும் வேதிப்பொருள்கள் முழுதும் சிதையாமல் அடிச்சேற்றில் தங்கின. மழை பெய்து சேறு கலங்கி, நீர் கலங்கலில் உயரத்திலிருந்து விழும்போது, நுரை மலைபோல் எழுந்து சாலைகளில் பரவியது. 2015 மே மாதத்தில் இந்நுரையே தீப்பற்றியது. 2017இலும் தீ மூண்டது. 2018 ஜனவரியில் ஏரியில் காய்ந்து கிடந்த களைகள் எரிந்தபோது, தீயை அணைக்கச் சுமார் 5,000 இராணுவ வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். நீர்நிலை எரிவதும் அதனைப் படைவீரர் அணைப்பதும் சமநிலைக் குலைவின் உச்சம் அல்லவா?

செலவை ஏற்போர்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில், கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. ஏரியைத் தூர்வாரிச் சீரமைக்கும் பணி அதன்பின் தொடங்கியது. ஆயினும், கணக்கேடுகளில் இடம்பெறாத இழப்புகளும் உள்ளன. ஏரி மீனை நம்பியிருந்த மீனவர் தொழிலிழந்தனர். கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறக்கப்படும்போது ஆற்றில் நுரை பொங்குவதை ஓசூர் வட்டார மக்கள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். ஏரியை நிரப்பிக் கிடைத்த நிலத்தின் பயன் ஒருசாரார்க்கும், அதன் சுமை மற்றொரு சாரார்க்கும் சேர்ந்தன.

மீட்சிக்கு ஒரு வழி

இந்நிலை மாற்ற இயலாதது அன்று. நகரின் வடபகுதியிலுள்ள ஜக்கூர் ஏரி இதற்கு எடுத்துக்காட்டு. அங்குக் கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மைப்படுத்தப்படுகிறது. பின்னர் அது நேரே ஏரியில் விடப்படாமல், சம்பும் பிற நீர்ச்செடிகளும் வளரும் சதுப்புப் பகுதி வழியே செலுத்தப்படுகிறது. எந்திரம் நீக்காமல் விட்ட சத்துகளைச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. அச்செடிகளை அவ்வப்போது அறுத்து அகற்றுவதும் அவசியம். இல்லையேல் அவை அழுகி, எடுத்துக்கொண்ட சத்தை நீருக்கே திருப்பித் தந்துவிடும். இம்முறையால் ஏரியில் மீன்பிடிப்பு நடைபெறவும் பறவைகள் தங்கவும் இயன்றது. எந்திரமும் இயற்கையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை என்பதை ஜக்கூர் உணர்த்துகிறது.

செய்ய வேண்டுவன

ஏரிச் சீரமைப்பு என்றதும் தூர்வாருதல், வேலியிடுதல், நடைபாதை அமைத்தல் ஆகியவையே பெரும்பாலும் திட்டங்களில் இடம்பெறுகின்றன. கரைமுழுவதும் கல் பதித்தால் சம்பும் கோரையும் வளர இடமிராது. அவற்றோடு மீன்குஞ்சுகளின் உறைவிடமும் பறவைகளின் கூடுகளும் அழியும். பார்வைக்கு அழகான ஏரி உயிரற்ற ஏரியாகிவிடும். எனவே, ஆழம் குறைந்த ஓரங்களை விட்டுவைப்பதும், எஞ்சியுள்ள சிறு ஏரிகளையும் கால்வாய்களையும் அளந்து எல்லையிட்டுக் காப்பதும் முதற்கடமைகளாகும். கீழ் ஏரியை மட்டும் தூய்மை செய்துவிட்டு, மேலே ஆஸ்டின் டவுன் போன்ற குடியிருப்புகளிலிருந்து வரும் கழிவுநீரைத் தடுக்காவிடில், செலவிட்ட பணம் மீண்டும் சேற்றில்தான் புதையும்.

இதற்கான சட்ட அடிப்படை ஏற்கெனவே உள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், காடுகள், ஏரிகள், ஆறுகள், வனவிலங்குகள் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பதை ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமையாக அரசியலமைப்பில் சேர்த்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழுவை அமைத்து, தன் பகுதி உயிரினங்களைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். மாணவர்கள் தங்கள் பகுதி ஏரியில் காணும் செடி, மீன், பறவை ஆகியவற்றைப் பருவந்தோறும் குறித்துவந்தால், அப்பதிவேடு உயிருள்ள ஆவணமாகும். எந்த இனம் மறைகிறது என்பதை உரிய காலத்தில் அறிந்தால், நுரை எழுமுன்பே குறையைக் களைய முடியும். தென்பெண்ணையின் கடைமடை உழவருக்கு நல்ல நீர் கிடைப்பது, மேல்மடையில் வாழ்வோர் இக்கடமையை ஆற்றுவதைப் பொறுத்ததேயாகும்.