படைப்புக்காக ஒரு செபம்

மாட்டுப் பொங்கலன்று நம் ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, பொங்கல் ஊட்டுவர். உழைத்த உயிருக்கு நன்றி கூறும் நாள் அது. இவ்வெண்ணம் இன்று பிற சமயங்களிலும் புதிய செபங்களாக மலர்ந்து வருகிறது.

யூதருக்கு எலூல் மாதத்தின் முதல் நாள் பண்டைக் காலத்தில் கால்நடைகளின் புத்தாண்டு. ஆண்டவருக்குரிய பத்தில் ஒரு பங்கை அந்நாளை வைத்தே கணக்கிட்டனர். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் அவ்வழக்கம் நின்றது. இக்கால யூதருள் சிலர் அந்நாளை மீட்டு, விலங்குகளை எண்ணாமல் அவற்றுக்கு ஆசி வேண்டுகின்றனர்.

நம் திருச்சபையில், 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலைப் பூமிக்கான செபங்களுடன் முடித்தார். செப்டம்பர் 1-ஆம் நாளைப் படைப்பைப் பேணும் செப நாளாகவும் அறிவித்தார். 2025-இல் இதற்கெனத் தனித் திருப்பலியே வகுக்கப்பட்டது.

உணவுக்கு முன் நாம் சொல்லும் செபம், நமக்குக் கிடைத்ததற்கு நன்றி கூறுகிறது. புதிய செபங்களோ, அதைத் தரும் மண்ணும் உயிர்களும் வாழ மன்றாடுகின்றன. மன்றாடியபின் வாளாவிருத்தல் தகுமோ? சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிற்கிறது. 2004-இல் சுனாமியின் வேகத்தைத் தணித்து ஊர்களைக் காத்தது அக்காடு. நம்மைக் காத்ததை நாமும் காப்போம். ஒரு கன்றுக்கு நாள்தோறும் நீர் வார்ப்பதும் செபமே!